உடல் வளர்த்தலும் ஊசி மருந்தும்

வலிய உடலைப் பெறல் வேண்டும் என்னும் வேட்கை இளமைக்கு இயல்பானது, அது குற்றமன்று. நம் வாகரைக் கரையிலே விடியற்காலையிற் கரைவலை இழுப்போரின் தோளும் முதுகும், பனிச்சங்கேணி வாவியிலே கம்பூன்றித் தோணி செலுத்துவோரின் புயமும் தொழிலால் உரம் பெற்றவை. அவ்வுரத்தை அவர்கள் கண்ணாடியிற் பார்த்து அளந்தாரல்லர். வலை கரையேறியதா என்பதே அவர்கள் கொண்ட அளவு. இக்காலத்து மாணவனோ தன் உடலைக் கைத்தொலைபேசித் திரையிற் காணும் உடல்களோடு ஒப்பிட்டு அளக்கின்றான். அளவுகோல் மாறவே ஆபத்தும் உடன் வந்தது. மருத்துவனல்லாத தமிழாசிரியன் இதனை எழுதுவதேன் எனின், காரணம் பின்னர்ப் புலனாகும்.

2008 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘வாரணம் ஆயிரம்’ போன்ற திரைப்படங்களின் பின்னர், ‘சிக்ஸ் பேக்’ என்னும் சொல் சிற்றூர்ப் பிள்ளைகளின் வாயிலும் புகுந்தது. நடிகர்க்குப் பல மாத அவகாசமும், பயிற்றுநரும், அளந்து சமைப்போரும், ஒளியமைப்போரும் உளர். இவற்றுள் ஒன்றும் இல்லாத பிள்ளை மூன்று மாதத்தில் அவ்வுடலை எய்த எண்ணுகின்றான். எய்தாதபோது தன்னையே வெறுக்கின்றான். நன்கு திரண்ட உடலுடையானும் தன்னை மெலிந்தவன் என்றே கருதி வருந்தும் நிலையும் உண்டு. இதனை அமெரிக்க உளமருத்துவர் ஹரிசன் போப் என்பாரும் அவர்தம் கூட்டாளரும் 1990களில் ஆராய்ந்து, தசை பற்றிய திரிபுணர்வு எனப் பெயரிட்டனர். இந்நோய் உடையானுக்குக் கண்ணாடியும் பொய் சொல்லும்.

இந்த ஏக்கத்தை முதலாகக் கொண்டே ஸ்ரெரோயிட் வாணிகம் நடைபெறுகின்றது. இப்பெயரால் இருவகை மருந்துகள் வழங்குவதை முதற்கண் அறிதல் வேண்டும். பிரெட்னிசொலோன் முதலியன ஒருவகை. அவை ஈளை, மூட்டழற்சி முதலிய நோய்களுக்கு வைத்தியர் தருவன, தசையை வளர்ப்பனவல்ல. நெடுநாள் அவற்றை உட்கொள்வோர் இக்கட்டுரையைப் படித்து அஞ்சித் திடீரென நிறுத்துதல் உயிருக்கே கேடாம். மற்றையது ஆண்மை ஓமோனாகிய ரெஸ்ரொஸ்ரெரோனும் அதனை ஒப்பச் செய்யப்பட்டனவும். ரெஸ்ரொஸ்ரெரோன் 1935 இல் அம்ஸ்ரடாம் நகரிற் பிரித்தெடுக்கப்பட்டது. அதே ஆண்டிற் செயற்கையாகவும் ஆக்கப்பட்டது. 1958 இல் அமெரிக்காவில் இவ்வினத்து மாத்திரை ஒன்று சந்தைக்கு வந்தபின் பளுதூக்குவோரிடையே இப்பழக்கம் பரவிற்று. 1976 இல் மொன்றியல் ஒலிம்பிக் போட்டியில் முதன்முறையாக இதற்கெனச் சோதனை நடைபெற்றது.

நம் நாட்டுச் செய்திகள் இரண்டு நினைக்கத்தக்கன. 2010 இல் டில்லியில் நடைபெற்ற பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் மஞ்சு வன்னியாராச்சி குத்துச்சண்டையிற் பொற்பதக்கம் வென்றார். 1938 இன் பின், 72 ஆண்டுகள் கழித்து, இலங்கைக்குக் குத்துச்சண்டையிற் கிடைத்த பொன் அது. அவரது சிறுநீரில் நான்ட்ரோலோன் என்னும் ஸ்ரெரோயிட் காணப்பட்டமையால் அப்பதக்கம் திரும்பப் பெறப்பட்டது. 2011 இல் துடுப்பாட்ட வீரர் உபுல் தரங்கவின் சோதனையிற் பிரெட்னிசொலோன் காணப்பட்டது. தோள் நோவுக்குப் பெற்ற மூலிகை மருந்தின் வழியாக அது உடலிற் சேர்ந்தது என்றும், ஆட்டத்திறனைப் பெருக்கும் நோக்கம் அவர்க்கு இல்லை என்றும் விசாரித்தோர் ஏற்றனர். எனினும் மூன்று மாதத் தடை விதித்தனர். ‘மூலிகைதானே, என்ன செய்யும்?’ என்போர் இதனை உளங்கொள்க.

இனி இம்மருந்து உடலிற் செய்வதைக் காண்போம். புறத்திலிருந்து ஓமோன் மிகுதியாக வரவே, மூளை ‘இனி வேண்டா’ எனக் கட்டளையிடுகின்றது. விதைகள் தம் தொழிலை நிறுத்திச் சுருங்குகின்றன, விந்தணு குறைகின்றது. மிகுந்த ஓமோனின் ஒரு பகுதி பெண்மை ஓமோனாக மாறுவதால் ஆணுக்கு மார்பு பருத்தலும் உண்டு. நல்ல கொழுப்பு குறைந்து தீய கொழுப்பு மிகுகின்றது, குருதியமுக்கம் ஏறுகின்றது, இதயச் சுவர் தடிக்கின்றது. மாத்திரையாக உட்கொள்ளப்படுவனவற்றுட் பல ஈரலை வருத்துகின்றன. வளரும் பிள்ளைக்கோ எலும்பின் வளர்முனைகள் காலத்துக்கு முன்னே மூடிக்கொள்ள, உயரம் அவ்வளவில் நின்றுவிடும். பெரியவனாகத் தோன்ற விரும்பியவன் குள்ளனாகவே நிற்க நேர்வது எத்துணைப் பரிதாபம்! டென்மார்க்கில், உடற்பயிற்சி நிலையங்களில் இம்மருந்து எடுத்தமை சோதனையால் உறுதியான 545 ஆடவரை ஆராய்ந்தபோது, ஒத்த வயதினரைவிட அவர்களிடையே இறப்பு மூன்று மடங்காயிருந்தது.

திருக்குறளில் ‘மருந்து’ என்பது 95 ஆம் அதிகாரம். அதன் இறுதிக் குறளில் வள்ளுவனார் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றார்: நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன். மறைவில் ஊசி ஏற்றிக்கொள்ளும் இளைஞனை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவனுக்கு நோயில்லை, மருத்துவன் இல்லை, பேணுவோன் இல்லை. எஞ்சிய மருந்தும் ஐயத்துக்குரியதே. கள்ளச் சந்தைப் புட்டியின் மேலுள்ள பெயரும் உள்ளேயுள்ள பொருளும் பலவேளை ஒவ்வா.

இனி நான் எழுதுவதன் காரணத்தைக் கூறுகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் என்னைத் தனியே கண்டு, ‘சேர், ஊசி போட்ட இடம் வீங்கிக் கிடக்கு’ என்றான். எவ்வூசி என வினவி, விடையறிந்தவுடன் வெகுண்டேன். ‘தகப்பனிடம் சொல்கிறேன்’ என்று அச்சுறுத்தினேன். மறுநாள் முதல் அவன் வகுப்புக்கு வரவில்லை. சீழ் கட்டிக் காய்ச்சல் மிகுந்த பின்னரே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டான். உயிர் தப்பினான், படிப்புத் தப்பவில்லை. அவன் என்னிடம் வந்தது திட்டு வாங்க அன்று, வழி கேட்க. நான் பேணுவோனாக நின்றிருத்தல் வேண்டும், நீதிபதியாக நின்றேன். பழிக்கு அஞ்சுவோன் மறைப்பான். மறைத்த நோயே கொல்லும்.

ஆதலால், முதற்கண் விலக்குக என்பதே என் சொல். எனினும் ஏற்கெனவே எடுப்போனைக் கைவிடுதல் அறமன்று. நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் இத்தகையோரைப் பழியாது சோதித்துப் பேணும் சிகிச்சை நிலையம் ஒன்று உண்டு. அங்கு 100 ஆடவரைத் தொடர்ந்து கவனித்தபோது, கேடுகள் பலவும் காணப்பட்டன. நிறுத்தியபின் பெரும்பாலோரின் ஓமோன் நிலை காலப்போக்கில் மீண்டமையும் காணப்பட்டது. மீட்சிக்கு வழி உண்டு என்பது இதனாற் பெறப்படும்.

அத்தகையோன் செய்யத்தக்கவை இவை. ஒருவர் ஊசியையோ புட்டியையோ மற்றொருவர் தொடலாகாது; ஈரலழற்சிக் கிருமிகளும் எச்.ஐ.வி.யும் அவ்வழியே பரவும். எடுத்ததை வைத்தியரிடம் ஒளியாது கூறிக் குருதியமுக்கம், கொழுப்பு, ஈரல் ஆகியவற்றைச் சோதிப்பித்தல் வேண்டும். அரசினர் வைத்தியசாலையில் இதற்குக் கட்டணமில்லை. இன்சுலின், நீரிறக்கும் மருந்து முதலியவற்றை இதனோடு சேர்த்தல் உடனே உயிரைப் போக்கவும் கூடும். ஊசியிட்ட இடம் சிவந்து காய்ச்சல் காணல், கண் மஞ்சளித்தல் ஆகியவற்றுக்கு அன்றே வைத்தியசாலை செல்க. நெஞ்சு நோவு, மூச்சுத் திணறல் வரின் 1990 என்னும் இலக்கத்தில் அம்புலன்ஸை அழைக்க. நிறுத்தும்போது சில வாரமோ மாதமோ மனச்சோர்வு வரலாம்; அக்காலத்தில் அவனைத் தனியே விடலாகாது. 1926 என்னும் இலக்கத்தில் உளநல உதவி கிடைக்கும்.

விலகி நிற்போர்க்கு வழி எளிது. வாரத்தில் மூன்று நாள் பயிற்சி, நிறைந்த உறக்கம், போதிய உணவு என்னும் மூன்றும் தசையை வளர்க்கும். ஒரு முட்டையிற் புரதம் ஏறத்தாழ 6 கிராம்; 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம். கடலும் வாவியும் எருமைத் தயிரும் பயறும் உள்ள நாட்டிலே தகரப் பேணிகளுக்கு ஏங்குதல் வேண்டா.

வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். ஊரிலுள்ள மருமக்கள் கேட்டார்கள் என்று, உள்ளிருப்பது அறியாத மாவும் மாத்திரையும் அனுப்பற்க. அப்பணத்தில் நம் கல்லூரி மைதானத்துக்கு ஒரு பந்தோ, பளுதூக்கும் கம்பியோ வாங்கித் தருக. ஆசிரியர்க்கும் பெற்றார்க்கும் கூறுவது இதுவே: ஒரு பிள்ளை வந்து உண்மை சொல்வானாயின், முதலிற் கேளுங்கள், பின்னர் வைத்தியரிடம் உடன் செல்லுங்கள். நான் அன்று செய்யத் தவறியதை நீவிர் செய்வீராக.