சென்னைக்குள் போய்வர வழி தெரிஞ்சுக்குவோம்



கண்காட்சியில் பொருள் விற்க, பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட, பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க என்று நம்மில் பலர் சென்னைக்குப் போகிறோம். இறங்கியதும் வழி தெரியாமல் ஆட்டோ பிடிக்கிறோம். ஊறுகாய், அப்பளம் விற்ற லாபத்தில் பாதி அதுக்கே போயிடுது. சிலர் பயத்திலேயே, "நீங்க போயிட்டு வாங்க, நான் வரலை"ன்னு ஒதுங்கிவிடுகிறோம். வாய்ப்பும் கைநழுவிப் போகிறது. அதனால்தான் இந்த மாதம் இந்தப் பாடம்.

எங்கே இறங்குகிறோம்?

தென் மாவட்டங்களிலிருந்து வரும் பெரும்பாலான அரசுப் பேருந்துகள் இப்போது கோயம்பேடு வரை போவதில்லை. 2023 டிசம்பர் 30-ல் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தோடு நின்றுவிடும். இது தாம்பரத்துக்கு முன்னாலேயே இருக்கிறது. அங்கேயே மாநகரப் பேருந்து கிடைக்கும். அதில் தாம்பரம் போனால் மின்சார ரயில் பிடிக்கலாம்.

டவுன் பஸ்

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் காசு இல்லை. பல பேருந்துகளுக்கு முன்னும் பின்னும் பிங்க் நிறம் அடித்திருக்கும். நடத்துனர் தரும் இலவசச் சீட்டைக் கேட்டு வாங்கி, இறங்கும் வரை வைத்திருக்க வேண்டும். சொகுசு, ஏ.சி. பேருந்துகளில் கட்டணம் உண்டு. ஏறும் முன்பே, "லேடீஸ் ஃப்ரீயா?" என்று கேட்டுவிடுவோம். இன்னொன்று: நம்பரோடு எழுத்தையும் பார்க்கணும். 29 வேறு, 29சி வேறு.

மின்சார ரயில்

கடற்கரையிலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு வரை ஓடுகிறது. குறைந்த கட்டணம் 5 ரூபாய். தாம்பரத்திலிருந்து பார்க் ஸ்டேஷன் வரை 10 ரூபாய்தான். பார்க்கில் இறங்கினால் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் சென்ட்ரல் ஸ்டேஷனும் பக்கத்திலேயே இருக்கின்றன. மகளிர் பெட்டி தனியாக உண்டு. 2025 ஏப்ரலில் ஏ.சி. மின்சார ரயிலும் விட்டார்கள். சாதாரண டிக்கெட்டில் அதில் ஏறக்கூடாது. டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் அபராதமே குறைந்தது 250 ரூபாய். அதில் இருபத்தைந்து தடவை போய்விடலாமே!

மெட்ரோ

2015-ல் தொடங்கியது. விமான நிலையம், கிண்டி, சென்ட்ரல், எழும்பூர், கோயம்பேடு போக வசதி. குறைந்த கட்டணம் 10 ரூபாய். கவுண்டரில் தரும் சீட்டை வாசலில் உள்ள கருவியில் காட்டினால் கதவு திறக்கும். வெளியே வரும்போதும் காட்டணும், அதனால் சீட்டைக் கசக்கிப் போடாதீர்கள்.

மூட்டை முடிச்சு

2025 செப்டம்பரில் நம் குழு உறுப்பினர்களுக்கு அடையாள அட்டை கொடுக்கத் தொடங்கினார்கள். ஏ.சி. அல்லாத அரசுப் பேருந்தில் 25 கிலோ வரை, 100 கிலோமீட்டர் தூரம் வரை, குழுப் பொருளுக்குச் சுமைக் கட்டணம் இல்லை என்பது அதில் ஒரு சலுகை. அட்டை இருந்தால் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல் கையோடு கொண்டு போவோம். மூட்டையை ஏற்றும் முன்பே நடத்துனரிடம் காட்டுவோம்.

ஒரு உதாரணம்

நுங்கம்பாக்கம் வள்ளுவர் கோட்டம் பக்கத்தில் உள்ள அன்னை தெரசா மகளிர் வளாகக் கண்காட்சிக்குப் போக வேண்டும். கிளாம்பாக்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் தாம்பரம். அங்கே மின்சார ரயில் ஏறி நுங்கம்பாக்கம். மூட்டை கனமாக இருந்தால் கடைசித் தூரத்துக்கு மட்டும் ஆட்டோ; ஏறும் முன்பே கூலியைப் பேசிக்கொள்வோம். கிளாம்பாக்கத்திலிருந்தே ஆட்டோ வைத்தால் எவ்வளவு ஆகும்னு நீங்களே கணக்குப் போடுங்க.

கிளம்பும் முன்

போகிற இடம், இறங்கும் ஸ்டேஷன் இரண்டையும் தாளில் எழுதிக்கொள்வோம். காலை, மாலை அலுவலக நேரக் கூட்டத்தில் மூட்டையோடு ரயில் ஏற வேண்டாம். பணத்தை ஒரே பையில் வைக்க வேண்டாம். ரயிலில் உதவிக்கு 139, பெண்களுக்கான உதவிக்கு 181.

குழுக் கூட்டத்தில் பேச

1. கடைசியாகச் சென்னை போனவர் உள்ளூர்ப் பயணத்துக்கு எவ்வளவு செலவு செய்தார்? அதில் எவ்வளவு மிச்சப்படுத்தியிருக்கலாம்?
2. இதுவரை போகாத உறுப்பினர் யார்? அடுத்த முறை அவரை யார் கூட்டிப் போவது?

வழி தெரிந்தவர் ஒருத்தர் போனால் ஒரு வேலை முடியும். தெரியாத ஒருத்தரையும் கூட்டிப் போனால், அடுத்த தடவை அவரே நாலு பேரைக் கூட்டிப் போவார்.