பனிப்புயலும் பள்ளி மணியும்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், 'பள்ளிகளுக்கு விடுமுறை' என்னும் மாவட்ட ஆட்சியரின் அறிவிப்புக்காகக் காத்திருந்த அனுபவம் நம் அனைவருக்கும் உண்டு. நமக்கு மழை, அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் பனி. அங்கே இம்முடிவை எடுப்பவர் பெரும்பாலும் அந்தந்தப் பள்ளி மாவட்டத்தின் தலைமை அதிகாரி ஆவார். அம்முடிவு ஏன் கடினமானது என்பதைப் புள்ளியியல் பாடம் ஒன்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1888 ஜனவரி 12

அன்று காலை, நெப்ராஸ்கா, டகோட்டா சமவெளிகளில் பல இடங்களில் இதமான வானிலை நிலவியது. கடுங்குளிர் தணிந்ததென்று எண்ணி, பிள்ளைகள் பலர் கனத்த மேலங்கி இன்றியே பள்ளிக்குச் சென்றனர். திடீரெனப் பனிப்புயல் தாக்கியது. பல ஊர்களில் அது பள்ளி விடும் நேரம். கண்ணை மறைத்த பனியில் வழி தவறியும் குளிரில் விறைத்தும் இறந்தோர் ஏறத்தாழ 235 பேர் என்பர். அவர்களுள் பலர் பள்ளிப் பிள்ளைகள் என்பதால், அது 'பள்ளிப் பிள்ளைகளின் பனிப்புயல்' என்றே வரலாற்றில் இடம்பெற்றது.

காற்றின் பங்கு

வெப்பமானியை மட்டும் பார்த்து முடிவெடுத்தல் இயலாது. நம் தோலை ஒட்டி, உடற்சூட்டால் வெதுவெதுப்பான மெல்லிய காற்றுப் படலம் ஒன்று உள்ளது. வீசும் காற்று அதனை அகற்றிவிட, உடல் விரைவாக வெப்பத்தை இழக்கிறது. வெப்பநிலை −18 பாகை செல்சியஸ், காற்றின் வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர் எனில், உடல் உணரும் குளிர் சுமார் −28 பாகை. அந்நிலையில் மூடப்படாத தோல் அரை மணி நேரத்தில் உறைந்து புண்ணாகலாம். பேருந்து வரத் தாமதமானால், நிறுத்தத்தில் நிற்கும் சிறுவனின் கதி என்ன?

இரு வகைப் பிழைகள்

'இன்று ஆபத்தில்லை' என்பதை இன்மைக் கருதுகோளாகக் கொள்வோம். ஆபத்தில்லாத நாளில் பள்ளியை மூடுவது முதல் வகைப் பிழை. ஆபத்துள்ள நாளில் திறப்பது இரண்டாம் வகைப் பிழை. ஒன்றைக் குறைத்தால் மற்றொன்று கூடும். கூறின் அளவைப் பெருக்கினால் இரண்டையும் குறைக்கலாம் என்று படிக்கிறோம். ஆனால் பேருந்துகள் புறப்படும் முன், விடிவதற்குள் முடிவு சொல்லியாக வேண்டுமே! சில பள்ளிகள் இரண்டு மணி நேரம் தாமதமாகத் திறப்பது, சாலையைச் சீர்செய்வதற்கும் கூடுதல் தகவல் பெறுவதற்கும் அவகாசம் தேடும் வழியே ஆகும்.

2014 ஜனவரி 28 அன்று அட்லாண்டா நகரில் பெய்த பனி ஏழு சென்டிமீட்டர்கூட இல்லை. ஆயினும் பள்ளிகளும் அலுவலகங்களும் நண்பகலையொட்டி ஏறக்குறைய ஒரே நேரத்தில் கலைந்ததால், உறைந்த சாலைகளில் வண்டிகள் சிக்கிக்கொண்டன. ஆயிரக்கணக்கான மாணவர் அன்றிரவைப் பள்ளியிலேயே கழித்தனர். ஆகவே பனியின் அளவைவிட முடிவெடுக்கும் நேரமே முக்கியம் என்பது தெளிவு.

பிழையின் விலை

உயிர் போனால் மீளாது. எனவே ஐயம் எழுந்தால் மூடுவதே நன்று என்று தோன்றும். நானும் அதையே ஏற்கிறேன். எனினும் முதல் வகைப் பிழைக்கும் விலை உண்டு. அமெரிக்காவில் 1946இல் சட்டமாக்கப்பட்ட பள்ளி உணவுத் திட்டத்தை நம்பியுள்ள ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி மூடிய நாள் உணவு தவறும் நாளாகலாம். இதை நான் நூலில் படித்து மட்டும் சொல்லவில்லை. தொடக்கப் பள்ளியில் மழை விடுமுறை என்றதும் நண்பர்கள் துள்ளுவார்கள். எங்கள் வீட்டிலோ, மழையால் அம்மாவுக்கு அன்று கூலி வேலை இராது. எனக்குச் சத்துணவும் இராது.

ஆகவே நண்பர்களே, நல்ல முடிவு என்பது காலத்தே மூடுவதுடன் முடிவதில்லை. மூடிய நாளில் பசித்திருக்கும் பிள்ளைக்கு உணவு சேர்ப்பதும் அம்முடிவின் பகுதியே. புயலின் வேகத்தைக் கணிக்கும் அறிவியல், அந்தத் தட்டையும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.