தகிட தக: 'டேக் ஃபைவ்' பிறந்த கதை

கேள்வி: 'டேக் ஃபைவ்' என்ற ஜாஸ் உருப்படி ஐந்து எண்ணிக்கையில் ஓடுகிறது. டேவ் புரூபெக் இதை நம் கண்ட நடையிலிருந்து எடுத்தார் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: இல்லை. ஆனால் சந்தேகம் எழக் காரணம் உண்டு. பியானோ கலைஞர் புரூபெக்கின் நால்வர் குழு 1958இல் அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் போலந்து, துருக்கி, இந்தியா, இலங்கை என்று சுற்றியது, சென்னையிலும் வாசித்தது. இந்தியா அவருக்குத் தந்தது 'கல்கத்தா புளூஸ்' என்ற வேறொரு உருப்படி. 'டேக் ஃபைவ்' இடம்பெற்ற 'டைம் அவுட்' ஆல்பத்துக்கு விதை விழுந்தது இஸ்தான்புல் தெருவில்.

அங்கே தெருக் கலைஞர்கள் ஒன்பது எண்ணிக்கையில் வாசித்ததைக் கேட்டு அவர் சொக்கிப்போனார். மும்மூன்றாகப் பிரியாத ஒன்பது அது: தக தக தக தகிட. கையில் தட்டிப் பாருங்கள், கடைசி மூன்றில் தாளம் லேசாக நொண்டும். அந்த ஆல்பத்தின் 'புளூ ரோண்டோ ஆ லா துர்க்' இதை மூன்று முறை சொல்லிவிட்டு, நான்காவது முறை தகிட தகிட தகிட என்று நேராகிறது. என்ன அழகான கணக்கு!

'டேக் ஃபைவ்' புரூபெக் இயற்றியதே அல்ல. டிரம்ஸ் வாசித்த ஜோ மொரெல்லோவுக்கு ஐந்து எண்ணிக்கையில் தீராத மோகம். அவருக்காக சாக்ஸபோன் கலைஞர் பால் டெஸ்மண்ட் இரண்டு மெட்டுகள் எழுதிவந்தார். அவற்றை ஒரே உருப்படியாக இணைக்கச் சொன்னவர் புரூபெக். நம் கண்டம் பெரும்பாலும் தக தகிட. இது தகிட தக. மொரெல்லோ தனி ஆவர்த்தனம் போலத் தாளத்தைக் கலைத்து விளையாடும்போதும் பியானோ அதே சிறு சொற்கட்டை விடாமல் பிடித்திருக்கிறது. தன் பெயரில் வந்த ஆல்பத்தில், புகழ்பெற்ற உருப்படியில், தலைவரே பக்கவாத்தியமாக அமர்ந்தது பெரிய மனசு.

1959 கோடையில் நியூயார்க்கில், தேவாலயமாக இருந்த கொலம்பியா ஸ்டுடியோவில் பதிவு நடந்தது. பழகிய பாட்டு ஒன்றுகூட இல்லை, அட்டையில் ஓவியம் என்று கம்பெனியின் விற்பனைப் பிரிவு முகம் சுளித்தது. கம்பெனித் தலைவர் காடர்ட் லீபர்சன் துணைநின்றார். ஆல்பம் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

டெஸ்மண்ட் 1977இல் இறந்தார். 'டேக் ஃபைவ்' உள்பட தன் இசையின் உரிமைத்தொகை முழுவதையும் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு உயில் எழுதிவைத்திருந்தார்.