தூரத்து நண்பனுக்கு நாமே கண், நாமே கை
(இரண்டாமாண்டு மாணவன், மின்னணு மற்றும் தொடர்பியல் துறை)



நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். நானும் அப்படித்தான். டிப்ளமோவில் சேர்ந்த நாளிலிருந்தே 'படிக்கிற பையன்தானே, இதக் கொஞ்சம் பாருப்பா' என்று தெருவில் உள்ள மிக்ஸி, செல்போன், டி.வி. ரிமோட் எல்லாம் நம் முன்னால் வந்து நிற்கும். சந்தேகம் கேட்க வீட்டில் இந்தத் துறை தெரிந்த அண்ணனோ மாமாவோ கிடையாது. எனக்கு அந்தக் குறையைத் தீர்த்தவர்கள், இதுவரை முகம் பார்த்திராத இணைய நண்பர்கள். ஆனால் அவர்களால் நம் பொருளைத் தொட்டுப் பார்க்க முடியாது. நாம் சொல்வதை வைத்துத்தான் யோசிக்க வேண்டும். ஆகவே, கேட்கத் தெரிந்தால்தான் பழுது பிடிபடும். அதைத்தான் இங்கே பாடமாகத் தருகிறேன்.

1. அறிகுறியைச் சொல்லுங்கள்

டாக்டரிடம் போய் 'எனக்கு டைபாய்டு, மாத்திரை கொடுங்க' என்று யாரும் சொல்வதில்லை. காய்ச்சல் எத்தனை நாள், குளிர் உண்டா என்றுதான் பேச்சு நடக்கும். பழுதுக்கும் அதே முறைதான்.

'ஃபேன் மோட்டார் போச்சு, என்ன செய்யலாம்?' என்று கேட்டால் நண்பனுக்கு ஒன்றும் புரியாது. 'சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது. ரெகுலேட்டரை முழுதாக வைத்தாலும் அதே வேகம். கையால் தள்ளிவிட்டால்தான் கிளம்புகிறது. கருகின வாடை இல்லை' என்று எழுதிப் பாருங்கள். 'முதல்ல கப்பாசிட்டரைப் பாரு' என்று உடனே பதில் வரும். ஃபேன் மோட்டாரின் துணைச் சுருளுக்குத் தொடராக இருக்கும் அந்தக் கப்பாசிட்டர் பெரும்பாலும் 2.5 மைக்ரோ ஃபாரட். அதன் மதிப்பு குறைந்துபோனால் மோட்டாரின் முறுக்குவிசையும் குறையும்.

2. கேள்வியில் இருக்க வேண்டிய ஐந்து

(அ) பொருளின் பெயர், மாடல் எண்.
(ஆ) திரையில் வரும் செய்தி, ஒரு எழுத்தும் மாறாமல். போட்டோ எடுத்து அனுப்புவது இன்னும் நல்லது.
(இ) எப்போதிலிருந்து இப்படி? எப்போதுமா, அவ்வப்போதா?
(ஈ) அதற்கு முன் என்ன மாறியது? மின்தடை, மழை, புது சாப்ட்வேர், இடமாற்றம் எதுவும் இருக்கலாம்.
(உ) நாம் இதுவரை என்ன செய்து பார்த்தோம், என்ன ஆனது?

இந்த ஐந்தையும் எழுதும்போதே பாதி நேரம் விடை நமக்கே தெரிந்துவிடும். இது என் அனுபவம்.

3. பாதியாகப் பிரியுங்கள்

ஒரு சங்கிலியில் 64 இணைப்புகள், அதில் ஒன்று பழுது. ஒவ்வொன்றாகச் சோதித்தால் 63 சோதனை வரை போகலாம். நடுவில் சோதித்து, எந்தப் பாதியில் பழுது என்று பார்த்து, அந்தப் பாதியை மீண்டும் பாதியாக்கிக்கொண்டே போனால் 6 சோதனையில் முடிந்துவிடும்.

இன்டர்நெட் வேலை செய்யாதபோதும் இதே முறை உதவும். அதற்குக் கருவி 'பிங்'. 1983-இல் அமெரிக்காவைச் சேர்ந்த மைக் மூஸ் எழுதிய சிறிய நிரல் இது. முதலில் வீட்டு ரவுட்டரின் முகவரிக்குப் பிங் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் பழுது நம் கம்ப்யூட்டருக்கும் ரவுட்டருக்கும் இடையில். ரவுட்டர் பதில் தந்தால் அடுத்து 8.8.8.8 என்ற எண்ணுக்கு அனுப்புங்கள். அங்கே நின்றுவிட்டால் கோளாறு வெளி லைனில் இருக்கலாம். எண்ணுக்குப் பதில் வந்து, தளத்தின் பெயரைக் கொடுத்தால் மட்டும் வரவில்லையென்றால், பெயரை எண்ணாக மாற்றித்தரும் டி.என்.எஸ். பக்கம் பாருங்கள்.

4. ஒரு உண்மை நிகழ்ச்சி

எங்கள் ஊரில் உறவுக்கார அக்கா ஒருவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கடைசி இரண்டு நாள். பத்துப் பதினைந்து மாணவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். கம்ப்யூட்டரில் எந்தத் தளமும் திறக்கவில்லை. பார்க்க வந்த மெக்கானிக் 'மதர்போர்டு மாத்தணும்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அக்காவுக்கு அது ஒரு மாத வருமானம்.

நான் பிங் அனுப்பிப் பார்த்தேன். ரவுட்டர், எண், பெயர் மூன்றுக்கும் பதில் வந்தது. அதே வைஃபையில் செல்போனும் ஒழுங்காக வேலை செய்தது. அப்படியானால் லைனில் குறை இல்லை, பழுது இந்தக் கம்ப்யூட்டருக்குள்தான். இதையெல்லாம் எழுதி, நாகர்கோவில் நண்பர் ஒருவருக்கு டெலிகிராமில் அனுப்பினேன். 'தம்பி, திரை முழுசும் தெரியிற மாதிரி போட்டோ போடு' என்றார். போட்டேன். 'கீழே வலது மூலையில தேதியைப் பாரு' என்று பதில் வந்தது. 2015 ஜனவரி 1 என்று இருந்தது! கடையில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

காரணம் இதுதான். பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. அதற்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. 2015-இல் இருப்பதாக நினைக்கும் கம்ப்யூட்டருக்கு இன்றைய சான்றிதழ், இன்னும் பிறக்காத ஆளின் அடையாள அட்டை மாதிரி. நம்ப மறுத்துவிடும்.

சரி, தேதி ஏன் மாறியது? மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது மதர்போர்டில் உள்ள காசு போன்ற பேட்டரி. அதன் பெயர் சி.ஆர். 2032. விட்டம் 20 மி.மீ., கனம் 3.2 மி.மீ., மின்னழுத்தம் 3 வோல்ட். பிளக்கைக் கழற்றிவிட்டு அதை எடுத்து மல்டிமீட்டரில் வைத்தேன். 2 வோல்ட்கூட இல்லை. பக்கத்துக் கடையில் 40 ரூபாய்க்குப் புதியது வாங்கிப் போட்டு, தேதியைச் சரிசெய்தோம். தளம் திறந்தது. அன்று மாலைக்குள் அத்தனை பேரும் விண்ணப்பித்துவிட்டார்கள்.

5. எச்சரிக்கை

உதவி கேட்கும் இடத்தில் ஏமாற்றுபவர்களும் இருப்பார்கள். ஓ.டி.பி., பாஸ்வேர்டு, வங்கி விவரம் எதையும் யாருக்கும் தரக்கூடாது. தூரத்திலிருந்து நம் கம்ப்யூட்டரை இயக்கும் செயலியைப் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

230 வோல்ட் விஷயத்தில் 'தைரியமாத் தொடு' என்று எந்த நண்பர் சொன்னாலும் கேட்க வேண்டாம். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில் பிளக்கைக் கழற்றிய பிறகும் பெரிய கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். ஷாக் அடிக்கப்போவது அவருக்கல்ல, நமக்கு.

6. கடைசிக் கடமை

பழுது சரியானதும் பலர் காணாமல் போய்விடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். 'பேட்டரி மாற்றினேன், சரியாகிவிட்டது' என்று ஒரு வரி எழுதுங்கள். நமக்கு உதவியவருக்கு அதுதான் கூலி. நாளை அதே பழுதோடு வருபவருக்கு அதுவே பாடம்.

நண்பர்களே! கேட்பதற்குக் கூச்சப்பட்டே நம்மைப் போன்றவர்கள் பாதி படிப்பை இழக்கிறோம். 'இதுகூடத் தெரியாதா' என்று சிரிப்பார்களோ என்ற பயம் வேண்டாம். சோதித்துப் பார்த்துவிட்டுக் கேட்பவனைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. இன்று நாம் கேட்போம். நாளை நம் தெருவில் இன்னொரு வீட்டிலிருந்து முதல் பிள்ளை படிக்க வரும்போது, அவன் கேட்கும் கேள்விக்கு நாம் பதில் சொல்வோம்.