நுரையீரலில் ரத்தம் உறைந்து தேறி வருபவர்களுக்கு

டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்கு 2011-இல் நுரையீரலில் ரத்தம் உறைந்தது. 2012-இல் அவர் மீண்டும் விம்பிள்டனை வென்றார். ஆனால், வீடு திரும்பிய பின்பும் பலருக்குச் சில மாதங்கள் களைப்பும் மூச்சிரைப்பும் இருக்கும்.

நடை: வீட்டுக்குள் சில நிமிடங்களில் தொடங்கி, மெல்லக் கூட்டலாம். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும்.

மாத்திரை: ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை பொதுவாகக் குறைந்தது 3 மாதம் தேவைப்படும். தாமாக நிறுத்தக் கூடாது. மருத்துவரைக் கேட்காமல் ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் வேண்டாம். ரத்தக்கசிவு அபாயம் கூடும்.

கீரை: வார்ஃபரின் என்ற உறைவுத் தடுப்பு மாத்திரை எடுப்பவர்கள் கீரையை ஒதுக்க வேண்டாம்; வாரந்தோறும் அளவு சீராக இருக்கட்டும்.

3 மாதம் கடந்தும் மூச்சு வாங்கினால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், கறுப்பு மலம், தலையில் அடி: உடனே மருத்துவமனை.