கயலுக்கு ஒரு கடிதம்: நோட்டீஸ் வரும் வழி

அன்புள்ள கயல்,

இதழியல் வகுப்பில் சேர்ந்த கையோடு, "புலனாய்வுப் பத்திரிகைக்கு முதலில் வேண்டியது துணிச்சல்தானே மாமா?" என்று கேட்டு எழுதியிருக்கிறாய். துணிச்சல் வேண்டும்தான். ஆனால் அதற்கு முன்னால், ரஷ்யாவின் 'நோவயா கெசட்டா'வுக்கு என்ன நேர்ந்தது என்று தெரிந்துகொள்.

ஒரு பெரிய நாளிதழை விட்டு வெளியேறிய செய்தியாளர்கள் 1993-இல் மாஸ்கோவில் தொடங்கிய பத்திரிகை அது. முன்னாள் சோவியத் அதிபர் கோர்பச்சேவ் தன் நோபல் பரிசுப் பணத்தில் ஒரு பகுதியைக் கொடுக்க, அதில்தான் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அதன் செய்தியாளர் அன்னா பொலிட்கோவ்ஸ்கயா போர் நடந்த செச்சென்யாவுக்குத் திரும்பத் திரும்பப் போனார். ஆள் கடத்தல், சித்திரவதை எல்லாவற்றையும் பாதிக்கப்பட்டவர்கள் வாயாலேயே கேட்டு எழுதினார். 2006 அக்டோபர் 7 அன்று, குடியிருந்த கட்டடத்தின் லிஃப்டில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2014-இல் ஐந்து பேருக்குத் தண்டனை கிடைத்தது. கொலைக்கு ஏவியவர் யாரென்று மட்டும் தெரியவில்லை. தண்டனை பெற்றவர்களில் ஒருவர் உக்ரைன் போர்முனைக்குப் போனார். 2023-இல் மன்னிப்புப் பெற்று விடுதலையானார். (இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.)

அன்னாவைப் போல அந்தப் பத்திரிகைக்காக உழைத்த இன்னும் சிலரையும் பறிகொடுத்தார்கள். அப்போதும் பத்திரிகை வந்துகொண்டுதான் இருந்தது. 2021-இல் ஆசிரியர் திமித்ரி முராத்தவ் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார்.

கொலைகளால் நிற்காத பத்திரிகையை நிறுத்தியது நோட்டீஸ். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும், ரஷ்ய மொழியிலும் உக்ரைனிய மொழியிலும் ஓர் இதழ் போட்டார்கள். மார்ச் 4-இல் புதுச் சட்டம் வந்தது: ராணுவத்தைப் பற்றி அரசு 'பொய்' என்று சொல்வதை எழுதினால் 15 ஆண்டு வரை சிறை. 'வெளிநாட்டு முகவர்' என்று அரசு முத்திரை குத்திய அமைப்பைக் குறிப்பிட்டால், அந்த அடைமொழியையும் கூடவே அச்சிட வேண்டும் என்பது ஏற்கெனவே இருந்த விதி. அதை மீறியதாகச் சொல்லி எச்சரிக்கை வந்தது. ஓராண்டுக்குள் இரண்டு எச்சரிக்கை வந்தால் உரிமத்தை ரத்து செய்யக் கோரி அரசு நீதிமன்றம் போகலாம். இரண்டாவது எச்சரிக்கை வந்த மார்ச் 28 அன்றே வெளியீட்டை நிறுத்திவைத்தார்கள். செப்டம்பரில் நீதிமன்றம் பதிவையே ரத்து செய்தது. சொன்ன காரணம் என்ன தெரியுமா? 2006-இல் மறுபதிவு செய்தபோது, ஆசிரியர் குழுவின் விதிமுறை ஆவணத்தை உரிய காலத்தில் தாக்கல் செய்யவில்லையாம். பதினாறு வருடத்துப் பழைய கோப்பு!

அந்த ஒரு தாள் இருந்திருந்தால் தப்பியிருப்பார்களா என்று கேட்பாய். மாட்டார்கள், வேறொரு குற்றம் கண்டுபிடித்திருப்பார்கள். ஆனாலும் நம் பக்கம் தாள் சரியாக இருந்தால், அரசு வெளிப்படையாகப் பொய் சொல்லித்தான் நம்மை மூட வேண்டியிருக்கும். பொய் சொல்லாமலே மூடும் சுலபத்தை நாமாக ஏன் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும்?

வெளியேறிய சிலர் லாட்வியாவின் ரீகாவிலிருந்து 'நோவயா கெசட்டா ஐரோப்பா'வை நடத்துகிறார்கள். தேடிப் படி.

உன் கல்லூரி விடுதி உணவு ஒப்பந்தம் பற்றி எழுதப்போவதாகச் சொன்னாயே, அதை அனுப்பு. தகவல் உரிமை மனுவின் நகல், ஒப்புகைச் சீட்டு, யாரிடம் எந்தத் தேதியில் பேசினாய் என்ற குறிப்பு, மூன்றையும் சேர்த்து அனுப்பு. அவை இல்லாமல் கட்டுரையை மட்டும் அனுப்பினால் படிக்க மாட்டேன்.

அன்புடன்,
மாமா