இருதயத் தமனிகளும் செவிக்கெட்டா ஒலியும்

உயிருள்ளளவும் ஓய்வின்றி உழைக்கும் உறுப்புக்களுள் தலையாயது இருதயம். அது நிமிஷமொன்றுக்கு ஏறக்குறைய 70 முறையாக ஒரு நாளில் 1,00,000 முறை சுருங்கி விரிந்து, உடலெங்கணும் இரத்தத்தைச் செலுத்துகின்றது. ஆயினும், ஏனைய உறுப்புக்கட்கெல்லாம் உணவு வழங்கும் இவ்வள்ளல், தனக்கு வேண்டும் உணவினைத் தன் அறைகளில் நிறைந்துள்ள இரத்தத்தினின்றும் நேரே கொள்வதில்லை. மகாதமனி தொடங்குமிடத்திற் கிளைத்து, இருதயத்தின் புறத்தே மகுடம்போற் சூழ்ந்து செல்லும் இரண்டு சிறு குழாய்களே அதற்கு உணவூட்டுகின்றன. இவற்றைக் கரோனரி தமனிகள் என்பர். இவற்றின் உள்விட்டம் பெரும்பாலும் 3 அல்லது 4 மில்லிமீட்டர் அளவினதே. இத்துணைச் சிறிய வாய்க்கால்களில் நீரோட்டம் தடைப்படின் வயல் வாடுமாறு, இவை அடைபடின் இருதயத் தசை வாடும். அடைப்பு நீடிப்பின் அத்தசை இறந்துபடும். மாரடைப்பென நாம் அஞ்சும் நோயின் இயல்பு இதுவே.

இந்நோயை அறிதற்கும் தீர்த்தற்கும் செவிக்கெட்டா ஒலி எவ்வாறு துணைபுரிகின்றது என்பதனை இக்கட்டுரையில் ஒருவாறு ஆராய விரும்புகின்றோம். பௌதிக நூல் பயில்வார்க்கும் வைத்திய நூல் பயில்வார்க்கும் இது பொதுவாகிய பொருளாம்.

மனிதர் செவி விநாடிக்கு 20 முதல் 20,000 அதிர்வுகள் வரையிலுள்ள ஒலியையே உணரவல்லது. அதற்கு மேற்பட்டதனை மீயொலி யென்கின்றோம். அல்ட்ராசவுண்டு என்பதும் இதுவே. பளிங்கு போன்ற சில படிகங்களை அழுத்தின் மின்சாரம் தோன்றுமென்பதனை 1880-இல் கியூரி சகோதரர் இருவர் கண்டனர். அதற்கு மறுதலையாக, மின்சாரத்தைச் செலுத்தின் படிகம் அதிரும், அவ்வதிர்வே மீயொலியாம். ஆகவே ஒரு படிகமே ஒலியைப் பிறப்பிக்கும் வாயாகவும், எதிரொலியைக் கேட்கும் செவியாகவும் அமைகின்றது. மெல்லிய தசைகளினூடே ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 1,540 மீட்டர் விரைவிற் செல்லும். 1 சென்டிமீட்டர் ஆழத்துள்ள பொருளினின்றும் எதிரொலி மீண்டு வருதற்கு ஒரு விநாடியைப் பத்து லட்சம் கூறாக்கியதில் 13 கூறு போதும். எதிரொலி வருங் காலத்தை அளந்தால் தூரம் விளங்கும்; அதன் வன்மையை அளந்தால் எதிர்ப்பட்ட பொருளின் தன்மை ஒருவாறு விளங்கும்.

இவ்வுபாயத்தை இருதயத்தினிடத்து முதன்முதற் கையாண்டோர் சுவீடன் தேசத்து லுண்டு நகரில் வாழ்ந்த எட்லர் என்னும் வைத்தியரும், ஹெர்ட்ஸ் என்னும் பௌதிக அறிஞருமாவர். உலோகத்தின் உட்பிளவைச் சோதித்தற்கென அமைந்த கருவியொன்றினை இரவலாகப் பெற்று, 1953-இல் அவர்கள் துடிக்கும் இருதயத்தின் எதிரொலியைப் பதிவு செய்தனர். எக்கோ சோதனை என இன்று ஊர்தோறும் வழங்குவது அவ்விருவர் நட்பில் விளைந்த பயனேயாம்.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். மார்பின்மீது கருவியை வைத்துப் பார்க்குங்கால் கரோனரி தமனியின் அடைப்பு நேரே தோன்றுமோ எனின், பெரும்பாலும் தோன்றாது. விலா எலும்பும் காற்று நிறைந்த நுரையீரலும் ஒலியைத் தடுக்கும். தமனியோ சிறியது, ஓயாது அசைவது. எனினும், காரணத்தைக் காணவியலாதவிடத்துக் காரியத்தைக் கொண்டு உணர்தல் கூடும். இரத்தங் குறைந்த தசைப்பகுதி செவ்வனே சுருங்காது என்பதனை டென்னன்ட், விக்கர்ஸ் என்னும் இருவர் 1935-இலேயே சோதனையாற் காட்டினர். ஆதலின் நோயாளியை நடக்கச் செய்தோ, துடிப்பை மிகுக்கும் மருந்தைச் செலுத்தியோ, இருதயத்திற்கு வேலையை ஏற்றி எக்கோ எடுப்பர். ஓய்விற் செம்மையாக அசைந்த ஒரு பகுதி உழைப்பிற் சோர்ந்து நிற்குமாயின், அப்பகுதிக்குரிய தமனி குறுகியுள்ளதென உய்த்துணர்வர்.

தமனியினுள்ளேயே நோக்குதற்கு மற்றொரு வழி உண்டு. 1958-இல் அமெரிக்க வைத்தியர் ஸோன்ஸ் என்பார் கரோனரி தமனியினுள் நேரே மருந்து செலுத்தி, எக்ஸ் கதிராற் படமெடுக்கும் முறைக்கு அடிகோலினார். ஆஞ்சியோகிராம் என்னும் அப்படம் பெரும்பயன் தருவதேயாயினும், அது குழாயினுள் ஓடும் இரத்தத்தின் நிழலேயன்றிக் குழாய்ச் சுவரின் உருவமன்று. வாய்க்காலில் ஓடும் நீரை மட்டும் நோக்கிக் கரையின் உள்ளரிப்பை அறிதல் இயலுமோ? கொழுப்புச் சுவரினுள் படியுங்கால், தமனி முதலில் வெளிப்புறமாக விரிந்து இடங்கொடுக்கின்றது. சுவரினுள்ளடங்கிய பரப்பில் 100-க்கு 40 பங்கு கொழுப்பால் நிரம்பும் வரையில் உள்வழி பெரிதுங் குறுகாமலிருத்தல் கூடுமென 1987-இல் கிளகோவ் முதலானோர் வெளியிட்டனர். ஆகவே நிழற்படத்திற் குற்றமற்றதாகத் தோன்றும் குழாயும் நோயுற்றதாக இருக்கலாம்.

இக்குறையை நீக்குவதே குழாயின் உட்செலுத்தும் மீயொலிக் கருவி. ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள கதீட்டரின் நுனியில் ஒலிப்படிகத்தை அமைத்து, மணிக்கட்டு அல்லது தொடையிலுள்ள தமனியின் வழியே இருதயத் தமனிக்குட் செலுத்துவர். மார்பின்மேல் வைக்குங் கருவி விநாடிக்குச் சில பத்து லட்சம் அதிர்வுகளையே பிறப்பிக்க, இது 2 கோடி முதல் 6 கோடி அதிர்வுகளைப் பிறப்பிக்கும். அதிர்வு மிகுந்தால் படம் நுண்ணிதாகும். ஆனால் ஒலி செல்லும் ஆழங் குறையும். தமனிச் சுவருக்குச் சில மில்லிமீட்டர் ஆழமே போதுமாதலின் அக்குறை ஈண்டுக் குறையன்று. குழாயின் குறுக்குவெட்டுத் தோற்றம் வட்டமாகத் திரையில் விளங்கும். சுண்ணம் இறுகிய இடம் வெண்மையாகத் தோன்றி, அதன் பின்னே கரிய நிழலை வீழ்த்தும்.

இனிச் சிகிச்சைக்கு இது பயன்படுமாற்றைக் கூறுவோம். 1977-இல் கிருயென்ட்ஸிக் என்பார் சூரிச் நகரிற் சிறு பலூனாற் கரோனரி தமனியை விரித்தார். 1986 முதல் ஸ்டென்ட் என்னும் உலோக வலைக்குழாயை உள்ளே பொருத்துவாராயினர். அவ்வலை குழாயின் அளவிற்கு ஒத்து, சுவரோடு நன்கு பொருந்துதல் வேண்டும். விட்டம் சிறிது குறையினும் பரப்பு மிகக் குறையும் என்பது கணிதம் அறிந்தார்க்கு விளங்கும். 3.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் வலை 3 மில்லிமீட்டர் அளவே விரியின், வழியிற் கால்பங்கிற்கு மேல் இழக்கப்படும். அவ்வாறு முற்றும் விரியாத வலையில் இரத்தம் உறைந்து அடைப்பு மீளவும் நேரலாம். வலையை வைக்குமுன் அளவையும், வைத்தபின் அதன் பொருத்தத்தையும் மீயொலி காட்டுகின்றது. இத்தாலிய வைத்தியர் கொலம்போவும் அவர் துணைவரும் இம்முறையால் வலையை நன்கு விரித்தால், உறைதலைத் தடுக்கும் கடிய மருந்தினை நீண்டநாள் உட்கொள்ளாமலே பலர் நலம்பெறக் கூடுமென 1995-இல் வெளிப்படுத்தினர்.

இதன் பயனை எண்ணாலும் நிறுத்தலாம். சீன தேசத்தில் 1,448 நோயாளரிடத்து நிகழ்த்தி 2018-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நிழற்படத்தை மட்டும் துணைக்கொண்டு சிகிச்சை பெற்றாருள் 100-க்கு 5.4 பேர் ஓராண்டிற்குள் அத்தமனி சார்ந்த கேட்டினை அடைந்தனர்; மீயொலியின் துணையும் பெற்றாருள் அத்தொகை 2.9 ஆயிற்று. கொரியாவில் சிக்கலான அடைப்புடைய 1,639 பேரிடத்து நிகழ்ந்து 2023-இல் வெளிவந்த ஆராய்ச்சியும், மீயொலியாலேனும் ஒளியாலேனும் குழாயினுள் நோக்கிச் செய்யும் சிகிச்சையே மேம்பட்டதெனக் காட்டிற்று. எனினும் கருவியின் விலை, கூடுதற் காலம், படத்தைப் படித்தறியும் பயிற்சி ஆகிய மூன்றும் இம்முறை எங்கும் பரவுதற்குத் தடையாக நிற்கின்றன. இவற்றை எளிதாக்கும் பணி பொறியியலாரையும் வைத்தியரையும் ஒருங்கே எதிர்நோக்கியுள்ளது.

மாணவர்காள்! ஒன்றை மறவற்க. கருவி எத்துணை நுண்ணியதாயினும், காலந்தாழ்த்து வருவோர்க்கு அது முழுப்பயன் தருதல் அரிது. நும் இல்லத்துப் பெரியோர் மார்பில் இறுக்கமும், இடத்தோளிற் பரவும் நோவும், காரணமற்ற வியர்வையும் உண்டெனின், வாயுவென்று கூறிக் கைவைத்தியத்தில் நாழிகை போக்காது உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுமின். ஒலியின் இயல்பை வகுப்பறையிற் கற்கும் நுமக்கு, அவ்வொலி ஓர் உயிரைக் காக்குங் காலம் எத்துணைச் சிறிதென்பதும் நினைவிலிருத்தல் நலம்.